இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது. வெள்ளைப் பூ ஒன்றுகூட இல்லை. கட்டியவன் நான்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் ஊருக்கு இன்றுவரை தெரியாது. உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

காரைக்குடிக்கும் மானகிரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே அய்யனார் கோயிலில் நான் பூசாரி. குலத்தொழில் மண்பானை வனைவது. சிறு வயதில் ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தேன். அது இதற்குப் போதும். நயமாக எழுத எனக்கு வராது. நயம் வேண்டுமென்றால் இதை மூடி வைத்துவிட்டு வேறு எதையாவது படி.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு முன்பு, எங்கள் ஊரில் நூல் மில் கட்டுவதற்காக ஒரு கம்பெனி வந்தது. ரங்கூனில் கடை வைத்திருந்த செட்டியார்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய ஏஜெண்டு பள்ளத்தூரிலிருந்து மோட்டார் காரில் வருவார். கூடவே இரும்புச் சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் ஆட்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள பொட்டல் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. மேடு பள்ளம் இல்லாத தரை, பக்கத்திலேயே சாலை, ரயில் வரப்போகிறது என்ற பேச்சு வேறு.

கோயிலைத் தொட மாட்டோம், சுற்றுச்சுவர் எழுப்பித் தருகிறோம், ஊர்க்காரர்களுக்கே முதலில் வேலை கொடுக்கிறோம் என்றார்கள். பொட்டலுக்கு ஈடாக மேற்கே சாமி பெயருக்கு வேறு நிலம் வாங்கி விடுவதாகவும் சொன்னார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நீ அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு என்னைத் தப்பவிட்டுவிடுவாய்.

அந்தப் பொட்டலின் கிழக்கு ஓரத்தில் இரண்டு ஏக்கர் காடு. விளக்குப் போட்டுப் பூசை செய்வதற்காகப் பூசாரிக்கு விட்ட மானியம். என் அப்பன் உழுதான், அவனுக்குப் பின் நான் உழுதேன். பத்திரம் என் பேரில் கிடையாது. அதுவும் மில்லுக்குள் போகிறது என்று கேள்விப்பட்டு அம்பலத்தைப் பார்க்கப் போனேன். ஊர்த் தலைவரை நாங்கள் அம்பலம் என்போம். அவர் நாவிதனிடம் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு.

"அம்பலம், மானியக் காடும் மில்லுக்குப் போகுதாமுல்ல?"

"போகுது."

"எனக்கு மாத்து நெலம்?"

"சாமிக்குக் குடுக்குறாக. மேக்க."

"மேக்க கல்லாங்காடு. அதுல வெதச்சாக் கல்லுதான் மொளைக்கும்."

"சாமியே ஒண்ணும் சொல்லல. நீ ஏன்யா குதிக்கிற?"

நாவிதன் கத்தியை எடுத்துக்கொண்டு சிரித்தான். அம்பலமும் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லையா, சொல்ல வைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

இந்த இடத்தில் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வசதி இருக்கிறது. மில் வந்தால் கண்மாய்த் தண்ணீர் வற்றிப்போகும், புகை வரும், கோயிலுக்குத் தீட்டு என்று பயந்தேன் என்று எழுதலாம். ஊரில் நாலைந்து பேர் உண்மையாகவே அப்படிப் பயந்தார்கள். நான் பயப்படவில்லை. இரண்டு ஏக்கர் வரகுக் காடு, ஒரு சிரிப்பு. என் காரணம் இவ்வளவுதான்.

அந்த நாலைந்து பேர் முரண்டு பிடித்ததால் அம்பலம் கூட்டம் போட்டார். சாமி நிலம், சாமியையே கேட்டுவிடுவோம், பூக்கட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஏஜெண்டும் சரி என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது இப்படி. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்து, ஒரே மாதிரி நார் சுற்றி, சாமி காலடியில் வைக்க வேண்டும். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் மறுப்பு. எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி சொல்லாமல் விட்டதை மனிதன் பார்க்கக் கூடாதாம். பூசாரி அதை அப்படியே ஊருணியில் போட்டுவிட வேண்டும். அந்த வழக்கம்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். சோலை வந்தான். கிணறு வெட்டுவான், கல் சுமப்பான், வேலை இல்லாத நாளில் பட்டினி கிடப்பான். மலாயாத் தோட்டத்துக்குப் போகக் கங்காணியிடம் பேர் கொடுத்திருந்தான்.

"பூசாரி, நல்லாக் கும்புட்டுக் கட்டுங்க. வெள்ள விழுந்துட்டா அந்த மலாயாச் சனியன விட்டுத் தொலைச்சுறலாம்."

"சாமி கையில இருக்கு, சோலை."

"சாமி கையிலயா? எம் மக கையில இருக்கு. அவளத்தான் எடுக்கச் சொல்லியிருக்காக." பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "தலையில எண்ணெ வச்சு ஒக்கார வச்சிருக்கா அவ ஆத்தா. காலையிலயிருந்து ஆட்டுக்குட்டியக்கூடத் தொட விடல."

அவன் போன பிறகுதான் இரண்டாவது பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்தேன். அவனிடம் பேசிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது... நடுங்கவில்லை.

அவன் மகள் பெயர் அடைக்கி. எட்டு வயது. ஊரே கூடி நிற்கிறது, ஏஜெண்டு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். அந்தப் பிள்ளை குனிந்து முதலில் இடது பக்கப் பொட்டலத்தைத் தொட்டது. பிறகு என்ன தோன்றியதோ, அதை விட்டுவிட்டு வலது பக்கம் இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டியது.

பிரித்துக் காட்டினேன். சிவப்பு.

மற்றதை எடுத்துக்கொண்டு போய் எல்லோரும் பார்க்க ஊருணியில் எறிந்தேன். ஏஜெண்டு, "சரி, சாமி உத்தரவு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமே கம்பெனி மதுரைப் பக்கம் ஒரு ஊரில் இடம் வாங்கிவிட்டது. அங்கே மில் எழும்பி, சங்கு ஊதி, ஆட்கள் வேலைக்குப் போய்வருகிறார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை.

சோலை மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். இரண்டு கடிதம் வந்தது. எழுதப்படிக்கத் தெரிந்தவன் என்று அவற்றை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான்தான் படித்துக் காட்டினேன்! மூன்றாவது கடிதம் வரவே இல்லை. செத்தானா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா, யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மில் இருந்தால் இப்படிச் சாக வேண்டியதில்லை என்று ஊர் பேசத் தொடங்கியது. சாமியைத் திட்ட முடியாது. பூசாரியைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. முதலில் தொட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாளே ஒருத்தி, அவள் இருந்தாள். முதலில் தொட்டது வெள்ளையாகத்தான் இருந்திருக்கும் என்று எல்லோருமே நம்பினார்கள். அவளைப் பெற்றவளும் நம்பினாள்.

விதைக்கூடையை அவளிடம் கொடுக்க மாட்டார்கள். நாற்று முடியைத் தொட விட மாட்டார்கள். கைராசி இல்லாதவள் என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் கிணற்றடி வழியாக மண் சுமந்துகொண்டு போனேன். ஒரு பெண்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஏய் அடைக்கி, எங் கொடத்த நீ தூக்க வேணாம்டி. ஒண்ணத் தொட்டு இன்னொண்ணத் தூக்குறவ நீ. வீட்டுக்குக் கொண்டுபோனா உப்புத் தண்ணியா மாறிக் கெடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடைக்கியும் கூடச் சிரித்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். நான் மண்ணை இறக்கி வைக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.

நீ கேட்பாய், சாமிக்குப் பயம் இல்லையா என்று. இருந்தது. கண் போகும், கால் விழும் என்று ஒவ்வொரு வருடமும் எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மானியக் காட்டில் இந்த வருடமும் வரகு போட்டேன், நன்றாகவே வந்தது. பொய்யாகச் சாமி வாக்கைச் சொன்னவனை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையைப் பிடித்தானே, இவன் என்ன சாமி? அல்லது, பிடித்தது சாமியே இல்லையா? ஊரும் நானும்தானா? தினம் விளக்குப் போடும்போது இதைக் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பூ விஷயம் ஒருநாள் கோபம் என்று நீ என்னை மன்னித்துவிடப் பார்ப்பாய். இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

அடைக்கிக்குப் பதினாறு வயதில், நாட்டரசன்கோட்டைப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வழியில் கோயிலில் நின்று கும்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பன் என்னிடம் கேட்டான்.

"சோலை மக எப்புடிங்க?"

"நல்ல பொண்ணு. ஒழைப்பாளி."

"கைராசி இல்லாத பிள்ளைன்னு வழியில ஒருத்தர் சொன்னாரு. அது நெசந்தானா? நீங்க பூசாரி, ஒங்களுக்குத் தெரியாததா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பூ விஷயத்தைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

"சாமி காரியம். நான் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள். அவள் வீட்டுப் படியைக்கூட மிதிக்கவில்லை. அவள் ஆத்தாளின் சேலையைக் கட்டிக்கொண்டு பொழுது சாயும் மட்டும் காத்திருந்தாளாம்.

அந்த வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். பொட்டலில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டுமே செகப்பா, மாமா?"

"ஆமா."

"மொதத் தொட்டேனே, அதுவும்?"

"அதுவுந்தான்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அது வெள்ளன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். கனாவுல கூட அதத்தான் எடுப்பேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எங்கிட்ட அழுது என்ன செய்ய? எங்கப்பன் எங்கிட்டு இருக்காகன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊர்ல சொல்லுங்க. பிடிமண்ணுக் கூட்டத்துல எல்லாரும் இருப்பாக. அங்ஙன சொல்லுங்க. நான் வந்து ஓரமா நிக்கிறேன்."

"நீயே சொல்லலாமே, தாயி."

"நான் சொன்னா யாரு நம்புவா?"

சொல்கிறேன் என்றேன். சத்தியமும் செய்தேன்.

அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் விழாவுக்கு முன்னால் ஊர் கூடி, ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் கொடுக்கும். அதுதான் பிடிமண். அன்றைக்கு அம்பலம்கூட என் எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பேசினால் ஊர் கேட்கும். அந்த வைகாசியில் அடைக்கி வந்தாள். கோயில் வேலி ஓரம் ஒரு கல்தூண் இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்றாள். மண்ணை வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தேன். "போன வருசம் சூளைக்கு வைக்கோல் பத்தல. வீட்டுக்கு ஒரு கட்டுக் குடுத்துருங்க" என்றேன். அவள் கூட்டம் கலையும் வரை நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்த வருடமும் வந்தாள். அதே இடம். குதிரைக்குச் செம்மண் சலிக்க ஆள் வேண்டும் என்று பேசினேன்.

ஏன் சொல்லவில்லை? பூசாரித்தனம் போய்விடும், மானியம் போய்விடும், என் மகன்களை ஊர் ஒதுக்கி வைக்கும். உண்மைதான். ஆனால் அதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது வருகிற காரணம். அங்கே, அந்த மண் கையில் இருக்கும்போது, அத்தனை பேரும் மரியாதையாகப் பார்க்கும்போது... அந்த மரியாதையை விட எனக்கு மனம் வரவில்லை.

உன்னிடம் சொல்லிவிட்டேன். உனக்கு அவளைத் தெரியாது. நீ எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுப்பவனும் அல்ல. அதனால்தான் சொல்ல முடிந்தது. இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதே. அவளுக்குப் படிக்கவும் தெரியாது.

இந்த வைகாசியில் பிடிமண் கூட்டம் நடந்தது. அடைக்கி வரவில்லை. கல்தூணில் யாரோ ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். நான் இரண்டு கையாலும் மண்ணை வாங்கிக்கொண்டு, வைக்கோலைப் பற்றிப் பேசினேன்.