சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘மோப்பக்காரி’ என்று பெயர். வைத்தவள் நான்தான், வார்டு நர்ஸ். சக்கர நாற்காலி, மருந்து ஏற்றும் பம்ப் எல்லாவற்றிலும் ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கும். அது ஓயாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருக்கும். ஏதாவது காணாமல் போனால் அவள் போனும் கையுமாக வருவாள். திரையில் எண் ஏறினால் சாமான் கிட்டே, இறங்கினால் தூரத்தில்.

அதை அப்படியே நம்பினால் மூக்குடைபட வேண்டியதுதான். ஒருமுறை அவள் போனில் எண் அடிமட்டத்தில் கிடக்கிறதே என்று நான் மாடி மாடியாக ஏறி இறங்கி நாக்குத் தள்ளிப்போய்த் திரும்பினேன். பம்ப் என் மேஜைக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள் சுகமாக இருந்தது.

“எண்ணு கொறஞ்சா தூரம்னு யாரு சொன்னா சிஸ்டர்? நடுவுல இரும்பு இருக்கலாம், ஆளே இருக்கலாம். நம்ம ஒடம்பே பாதி சிக்னலை முழுங்கிடும்” என்று சிரித்தாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

அவளும் அவள் அக்காவும் இருப்பது ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி, வாசலைத் தனித்தனியாக வைத்துக்கொண்டவர்கள். அம்மா இறந்த அன்று இவள் டியூட்டியில் இருந்தாள். வந்து நின்றதும் எல்லார் முன்னாலும் அக்கா கேட்டுவிட்டாள்: “ஊர்ச் சாமானையெல்லாம் தேடிக் குடுக்கிறியே, அம்மாவைத் தேடி வரத் தோணலையா?” அன்றோடு பேச்சு நின்றது. பிடிவாதத்தை மட்டும் இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கியிருந்தார்கள்.

பிறகு அக்காவுக்கு நாடித்துடிப்பு பார்க்க டாக்டர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிட்டார். அதுவும் சிக்னல் விடுகிற சாதிதான். இவள் போனில் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்ப்பாளாம். எண் ஏறினால், “அக்கா அடுப்படிக்கு வந்துட்டா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம். கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. ஆத்திரமும் வந்தது. நாலு எட்டு நடந்து கதவைத் தட்டுவதற்கு என்ன கேடு?

ஒருநாள் அழுது முகமெல்லாம் வீங்கி வந்தாள்.

“கொஞ்ச நாளா எண்ணு ஏறவே இல்ல சிஸ்டர். அக்கா கடைசி ரூமுக்குப் போயிட்டா. என் சத்தம்கூட காதுல விழக் கூடாதுன்னு நெனைக்கிறா போல. அவ கொரலைக் கேக்கணும்போல இருக்கு.”

“எனக்குச் சொன்ன பாடம் எங்கடி போச்சு? நடுவுல என்ன இருக்கோ! போய்ப் பாரு.”

“தொரத்திட்டா?”

“தொரத்தினா இங்க வா, டீ வாங்கித் தர்றேன்.”

அன்று அவள் தன் வாசலில் நுழையாமல் நேராக அக்கா வாசலுக்குப் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுப்படியில், பொதுச் சுவரில் முதுகை ஒட்டச் சாய்த்து ஒரு முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கை மடியில், பட்டை கையில். இத்தனை நாளாக எண்ணை அமுக்கி வைத்திருந்தது அந்த முதுகுதான்.

காலடிச் சத்தம் கேட்டு அக்கா திடுக்கிட்டு எழுந்தாள்.

“எங்கடி போயிட்ட? இந்நேரத்துக்கு நீ தனியாப் பேசுற சத்தம் கேக்குமே. இன்னைக்கு ஒண்ணுமே கேக்கலையேன்னு பயந்துட்டேன்.”