வெட்டப்படாத ஆறாம் பாகம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். முந்தாநாள், கிரீஸில், கவாலா நகரத்தில், என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

மகள் மிர்த்தோவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் கட்டு. பொழுது போகட்டும் என்று, சின்ன வயதில் எனக்கு உயிராக இருந்த 'உப்புத் தீவுப் பிள்ளைகள்' ஆறு பாகங்களையும் பரணிலிருந்து இறக்கி வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது முடிவதற்குள் எனக்கே வெறுத்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். இதற்காகவா அப்படி உருகினேன்? ஆனாலும், கடலில் தொலைந்த மினாஸ் கடைசிப் பாகத்தில் வீடு திரும்புவான் என்று மகளிடம் சத்தியம் செய்திருந்தேன். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்.

ஆறாம் பாகத்தைத் திறந்தால்... தாள்களின் மடிப்பு வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. அந்தக் காலத்துப் புத்தகங்களை வாங்குபவர்தான் கத்தியால் பிரித்துப் படிக்க வேண்டும். இதை யாரும் பிரிக்கவே இல்லை.

எரிச்சலோடு வெட்டி வெட்டி வாசித்தேன். மினாஸ் திரும்பவில்லை. கதை முடிந்துவிட்டது.

"பொய் சொல்லிட்டம்மா நீ," என்று மிர்த்தோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆத்திரம் தாங்கவில்லை. புத்தகமும் கத்தியுமாகச் சமையலறைக்குப் போய் அண்ணன் அர்கிரிஸுக்குப் போன் போட்டேன்.

"மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்க வந்துட்டா மகாராணி! அதை நீ படிச்சதே இல்லடி. அது வந்தப்போ தட்டம்மை போட்டு இருட்டு ரூம்ல கிடந்தே."

"அப்போ யாரு படிச்சுக் காட்டினது?"

"யாரு வருவா? அம்மா புகையிலை ஆலைக்குப் போயிருவாங்க. என்னை உள்ளயே விடல."

போனை வைத்தேன். மணி மூன்றே கால். தெருவே தூங்கியது.

சரக்...

மகளின் அறையில் தாள் வெட்டும் சத்தம். புத்தகமும் கத்தியும் என் கையில்.

சரக்... பிறகு ஒரு பெண் குரல். நிதானமாக வாசித்தது. எனக்கு மனப்பாடமான அதே வரிகள்.

ஓடினேன். கதவைத் தள்ளினேன்.

யாருமில்லை.

மிர்த்தோ சிரித்தபடி படுத்திருந்தாள். "மினாஸ் வந்துட்டான்ம்மா."

ராத்திரி சூப் ஊட்டும்போதுதான் கேட்டேன்.

"யாருடி படிச்சது?"

"உனக்குப் படிச்சவங்கதான். முடிச்சதும், கூட வர்றியான்னு கேட்டாங்க. அன்னைக்கு நீ மாட்டேன்னுட்டியாமே?"

கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன். "நீ... என்ன சொன்ன?"

"கட்டு அவுத்ததும் வர்றேன்னேன்."

நாளைக் காலை கட்டு அவிழ்க்கிறார்கள்.