றோலண்டின் கணிதப் பிரிவு

வளைவு வரும்போதெல்லாம் றோலண்ட் தலையைத் திருப்பாமலே சொல்வார்: "இப்ப வெளிப்பக்கமா சாய்வீங்க சேர். பயப்படாதீங்க. அது பௌதிகம்."

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவே வளைவுகளுக்குக் குறைவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் வழக்கமாகப் பிடிப்பது அவருடைய முச்சக்கரவண்டியைத்தான். மெலிந்த உடம்பு. வெயிலடித்தாலும் காதை மூடிய கம்பளித் தொப்பி. பாதையில் மாடு நின்றால் ஹோர்ன் அடிப்பதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார், மாட்டுக்கு அதுவே போதும் என்பதுபோல.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பௌதிகம் வந்தது மகள் யூஜினாவின் டியூஷன் வகுப்பிலிருந்து. சனிக்கிழமைகளில் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். பாடத்தில் பாதி காதில் விழும். மீதியை மழைச் சத்தம் எடுத்துக்கொள்ளும். விழுந்த பாதியைப் பயணிகளுக்குக் கொடுத்துவந்தார்.

யூஜினா ஹட்டனில் ஒரு பாடசாலையின் உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்ந்திருந்தாள். அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அங்கே போன முதல் பிள்ளை. வண்டியில் ஏறியவர் காய்ச்சல்காரராக இருந்தாலும், "மக மேட்ஸ் படிக்கிறா" என்பதைக் கேட்காமல் இறங்க முடியாது.

இரண்டாம் தவணை முழுக்கப் பாடசாலையில் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. டியூஷன் மட்டும் போதவில்லை. யூஜினாவின் புள்ளிகள் சரிந்தன. ஒரு மாலை, வீட்டுக்குத் திரும்பும் வழியில், பின் இருக்கையிலிருந்து சொன்னாள்: "அப்பா, நான் கொமர்ஸுக்கு மாறப்போறேன்."

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். றோலண்ட் வண்டியை ஓரங்கட்டினார்.

"எப்பருந்து இந்த நெனப்பு?"

"தவணை பாதியிலருந்தே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாப்பா."

"நீங்கதான் ஆட்டோல ஏறுறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே."

"அதுக்கப்புறம் வண்டிய எடுக்கல சேர்," என்றார், பிறகொரு நாள் என்னிடம். "வைப்பர ஓடவிட்டுட்டு ஒக்காந்திருந்தேன். மழையும் இல்ல."

திங்கட்கிழமை, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனார். அப்பாவுக்குச் சம்மதம்தானா என்று உப அதிபர் கேட்டார். "படிக்கப்போறது அவ சேர். நான் ஆட்டோதானே ஓட்டுறேன்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். அன்று அதற்குப் பிறகு ஆட்டோவும் ஓட்டவில்லை. கேட்டவர்களிடம் பிரேக் சரியில்லை என்றார். பிரேக் சரியாகத்தான் இருந்தது.

பழைய பயணிகள் இன்னும் விசாரிக்கிறார்கள். "மேட்ஸ் நல்லாத்தாங்க இருக்கு. அவதான் இப்ப அதுல இல்ல," என்கிறார்.

போன மாதம் நாங்கள் ஏறியபோது யூஜினாவும் வண்டியில் இருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா படிக்கிற?" என்று கேட்டார்.

றோலண்ட் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.