வெள்ளையடித்த நீச்சல் குளம்

சின்னக் குளத்துத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, காரம் காட்டும் சொட்டு மருந்து விட்டேன். ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில் நின்றது. பெரிய குளத்துத் தண்ணீரில் விட்டேன்; கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. அந்த நிறம் வந்தால் காரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். இரண்டும் ஒரே போர் தண்ணீர், ஒரே நாளில் நிரப்பியது. அப்படியானால் வித்தியாசம் தண்ணீரில் இல்லை, சுவரில்! மோரைப் பித்தளைச் செம்பில் வைக்கக் கூடாது என்று தெரிந்த நான், தண்ணீருக்கும் பாத்திரம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

"எக்கா, சுவரு கரையுது!" என்று கத்தினேன்.

"இடியப் போகுதாட்டி?" என்று பதறி ஓடி வந்தாள் அக்கா.

ராஜபாளையம் ரோட்டில் அக்கா வீட்டுக்குப் பின்னால்தான் இந்த இரண்டு குளங்களும். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த அக்கா, பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர வேலையை விட்டவள். எங்கள் பக்கம் பையன்கள் கிணற்றில் குதித்தே பழகிவிடுவார்கள்; பெண்பிள்ளைகள் கரையோடு சரி. குழந்தைகளுக்கான சின்னக் குளத்துக்கு டைல்ஸ், பெரியதற்கு வெறும் சிமெண்டுப் பூச்சு. முழுப்பரீட்சை லீவில் வகுப்பு தொடங்க வேண்டும். அதற்குள் தண்ணீர் தெளியாவிட்டால் மண்ணைப் போட்டு மூடி ஷட்டில் கோர்ட் ஆக்கிவிடுவேன் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தோம். அவர் லாரிக்காரரிடம் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சுவரில் கரையும் அந்தச் சுண்ணாம்பு வெள்ளையே அத்தான் அடித்ததுதான். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தபோது, தண்ணீர் வற்ற வைத்திருந்த பெரிய குளம் பாசியும் கறுப்புமாக அவர் கண்ணில் பட்டது. "வெள்ளையடிச்சா பாசி வராதுல்லா" என்று உள்பக்கம் முழுக்க அடிக்கச் சொல்லிவிட்டார். பளீரென்று இருந்தது, நாங்களும் கைதட்டினோம். நிரப்பிய சில நாளில் தண்ணீர் அரிசி களைந்த கழனி மாதிரி ஆகிவிட்டது. தொட்டி என்றாலே எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடர்தான் மருந்து. அள்ளி அள்ளிப் போட்டோம். அதுவும் சுண்ணாம்போடு சேர்ந்த சரக்கு. காரம் இன்னும் ஏறியது. காரம் ஏறிய தண்ணீரில் குளோரின் இருந்தும் பாதி தூக்கம். பாசி பயப்படுமா?

ஆசிட்டை அளந்து ஊற்றிப் பார்த்தேன். சாயங்காலம் நிறம் இறங்கியது. விடிந்தால் மறுபடி கத்தரிப்பூ. சுவர் விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஆசிட்டைக் கூட்டவும் பயம். அடியிலிருக்கும் சிமெண்டை அரித்துவிடும்.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். "ஏ பிள்ள, காலேஜுல படிச்சிட்டு வந்து குளத்துக்கு வைத்தியம் பாக்கியாக்கும்?"

"குளத்துக்கு இல்ல அத்தான், நீங்க அடிச்ச வெள்ளைக்கு."

அக்கா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் என் கையிலிருந்த குழாயை வாங்கி, இரண்டு தண்ணீரிலும் தாமே சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அப்போ சுண்ணாம்பச் சொரண்டிட்டா தெளிஞ்சிருமா?"

"தெளியும். ஆனா அடியில சிமெண்டு சொரசொரன்னு கெடக்கு. பாசிக்கு அதான் பிடிமானம், திரும்ப வரும்."

"பெறவு என்னத்துக்குச் சொரண்ட?"

அக்கா நடுவில் புகுந்தாள்: "மண்ணு எங்கயும் ஓடிராது. லீவு வரைக்கும் இவ என்னதான் செய்யுதான்னு பாப்போமே."

அத்தான் தலையைச் சொறிந்தார். "சரி, கம்பி பிரஷ் நான் வாங்கிட்டு வாரேன். என் வெள்ளைய நானே எடுக்கேன்."

இப்போது தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் கொத்தனாரிடம் கேட்டு மூன்று சிமெண்டுத் துண்டுகள் வார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வழவழவென்று தேய்த்தது, ஒன்றின் மேல் தண்ணீர் புகாத எபாக்சி பெயிண்ட், ஒன்றின் மேல் டைல்ஸ். காய்ந்ததும் மூன்று வாளிகளில் அதே போர் தண்ணீரில் முக்கிவைத்து, தினமும் சொட்டு விட்டு எது கத்தரிப்பூவாக மாறாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். டைல்ஸ்தான் ஜெயிக்கும் என்று தெரியும். ஆனால் அதை ஒட்டி முடிப்பதற்குள் லீவே முடிந்துவிடும். என் ஆசையெல்லாம் எபாக்சி மேல். நம்மூர் வெயிலுக்கு அது உரிந்து வராதா என்று தெரியவில்லை. அதற்காக இன்னொரு துண்டுக்கும் பெயிண்ட் அடித்து, நாலாவது வாளியில் முக்கி மொட்டைமாடி வெயிலில் வைக்கப் போகிறேன்.