ஹோவிக்கில் ஒரு பட்டாளத்தார் வீடு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆக்லாந்தின் தென்கோடியில் இருக்கும் பாபகூராவிலிருந்து கிளம்பினோம். கார் ஜெயந்தன் அண்ணனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து இருபது வருடமாகிறது. நான் மதுரையிலிருந்து வந்து மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரே கதியென்று கிடப்பவன். ஹோவிக் பக்கம் பழைய ஆங்கிலேயக் கிராமம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாம், பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் அவரை நச்சரித்திருந்தேன். தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஈஸ்ட் டாமாக்கியில் தான் வேலை செய்யும் கிடங்கைக் காட்டிவிட்டு, அண்ணன் தன் கவலைக்கு வந்தார். ஊரில் அவர்களுடைய வீடும் காணியும் ராணுவ முகாமுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. நட்டஈட்டை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார் கனடாவில் இருக்கும் தம்பி ராசன். இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணே?”

“களைச்சுப் போனன். விடுவம் எண்டுதான் நினைக்கிறன்.”

பத்து மணிக்குக் கிராமத்துக்குள் நுழைந்தோம். பள்ளிக்கூடம், கொல்லுப்பட்டறை, சின்னத் தேவாலயம், எல்லாமே பலகைக் கட்டடங்கள். கருங்கல்லை எதிர்பார்த்துப் போன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் இவற்றில் பல, வேறு இடங்களிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியவை என்று தெரிந்ததும் வாயைப் பிளந்தேன். எப்படித் தூக்கினார்கள் என்று அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். முதுகு வலித்ததுதான் மிச்சம்.

அடுத்தது ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு குடும்பங்கள் இருந்த ஒரு குட்டி வீடு. வீடு என்றதும் பழக்கதோஷத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டேன். அண்ணனும் குனிந்து நாடாவை அவிழ்த்தார். நீளப் பாவாடையும் தலைத்துணியுமாக நின்ற வழிகாட்டி அம்மாள் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னார். ஆக்லாந்தைக் காவல் காக்க, நூற்றெழுபது வருடத்துக்கு முன்பு ஆங்கிலேய அரசு ஓய்வுபெற்ற பட்டாளத்தாரைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். ஏழு வருடம் ஒழுங்காக அணிவகுப்புக்கு வந்தால் வீடும் ஒரு ஏக்கரும் சொந்தம்.

அண்ணன் அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்டினார்.

“ஆமிக்காரற்ற வீட்டுக்குச் சப்பாத்தோடயே போகலாம், வாரும்.”

உள்ளே அடுப்படியையும் கட்டிலையும் நான் துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்த அம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இந்தக் காணி முன்பு யாருடையது?

அம்மாள் மழுப்பவில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுடையது என்றார். ஆங்கிலேயர்கள் விலைக்கு வாங்கியதாகத்தான் சொன்னார்கள், ஆனால் எவ்வளவு நிலம் என்பதில் அன்றைக்கே தகராறு. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கிறது.

“இவ்வளவு காலம் கழிச்சோ,” என்று அண்ணன் தமிழிலேயே முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு, காரில் உட்கார்ந்ததும் கனடாவுக்கு அழைத்தார்.

“ராசன், காணியை விடேலாது. எங்கட காலத்தில வராட்டிப் பரவாயில்லை. பிள்ளையள் கேக்கட்டும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நல்ல காரியம் செய்தீர்கள் என்றேன். அவர் காரைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“ஓம். ஆனா நான் பாபகூராவில மோர்ட்கேஜ் கட்டுற வீடு ஆருடைய காணியில நிக்குதெண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

எனக்கும் தெரியாது.