தலைச்சன் பிள்ளைக்கு ஒரு முட்டை

சக்களத்தியைப் பற்றி நல்லது சொல்வதென்றால் எனக்கு வாய் கோணும். ஆனாலும் பரீரா விஷயத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மூத்தாள், அவள் இளையாள். எங்கள் புருஷன் வருஷத்தில் பாதி எல்லை தாண்டி நைஜீரியாவில் கூலி வேலையில் கிடப்பான்.

மராதி நகரத்துக்குப் போகிற சாலையில் பஸ் நிற்கிற இடத்தில் அவித்த கினிக்கோழி முட்டை விற்கிறாளே, அவள்தான் பரீரா. "என்னம்மா, முட்டை இத்துனூண்டு இருக்கு?" என்று எந்த டிரைவராவது வாய் விட்டால் தொலைந்தான். "உன் வாய் அளவுக்கு வேணும்னா தீக்கோழிகிட்ட போய்க் கேளு!" என்பாள். பஸ்ஸே சிரிக்கும்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு வாசலைத் தாண்டினால் ஊமை. எங்கள் ஊர் வழக்கப்படி, தலைச்சன் பிள்ளையைப் பெற்றவளே பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மாமனார் முன்னால் தூக்கிக் கொஞ்சக் கூடாது. செய்தால் வெட்கக்கேடு. நானும் என் மூத்தவளை அப்படித்தான் வளர்த்தேன். பரீராவின் தலைச்சன் மகன் லவாலி என் முதுகில்தான் வளர்ந்தான்.

இரண்டு வயசாகியும் அவன் எழுந்து நிற்கவில்லை. கம்பு அறுப்புக்கு முந்தின பஞ்ச மாதங்களில் தண்ணிக் கஞ்சிதான் கதி. வயிறு உப்பி, கால்கள் குச்சியாகிவிட்டன. சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவன் கையைச் சுற்றி வர்ணம் போட்ட அளவு நாடாவைப் பிடித்தாள். சிவப்பில் நின்றது. சிவப்பென்றால் பிள்ளை கையை விட்டுப் போகப் போகிறது என்று அர்த்தம். நிலக்கடலைப் பசை பாக்கெட்டுகள் கொடுத்தார்கள். தின்றான், கொஞ்சம் தெளிந்தான்.

"இனிமே வெறும் கஞ்சி வேண்டாம். பயறு கொடுங்க, முட்டை கொடுங்க. இல்லேன்னா மறுபடியும் படுத்துடுவான்" என்றாள் நர்ஸ்.

முட்டையா! மாமனார் ஆத்திரத்தில் துள்ளினார். முட்டை தின்கிற பிள்ளை திருடனாவான் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"என் வம்சத்துல திருடனா? நடக்காது!"

பரீரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைச்சனுக்காக வாதாட அவளுக்கு வாயில்லை. எனக்கு இருக்கிறதே!

"ஏன் பாபா, நீங்க தினம் காலையில ஒண்ணு முழுங்குறீங்களே, இதுவரைக்கும் யார் வீட்டு ஆட்டை ஓட்டிட்டு வந்தீங்க?"

"நான் பெரியவன்டி! பிள்ளைக்குத்தான் ஆகாது."

"அவன் பெரியவனாகணும்னா முதல்ல உசிரோட இருக்கணும்ல?"

கைத்தடியை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே போட்டார். "என்னமோ பண்ணித் தொலை. களவு செஞ்சான்னா பழி உன் தலையிலதான்."

மறுநாளிலிருந்து அடுப்படியில் என் கிண்ணத்தில் ஒரு முட்டை இருக்கும், தோலுரித்து. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பிசைந்து ஊட்டுவேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பாள். பாவி மகள், எனக்கே கண் கலங்கிவிடும்.

அறுவடை முடிந்து ஒரு நாள் காலை, மாமனார் பாயில் உட்கார்ந்து தன் முட்டையை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு உப்புக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். லவாலி தவழ்ந்து வந்தான். அவர் முழங்காலைப் பிடித்து எழுந்தான். முட்டையை லபக்கென்று எடுத்துக்கொண்டு திரும்பி ஒரு எட்டு வைத்தான். விழவில்லை. இன்னொரு எட்டு.

"திருடன்! பிடிங்க அவனை! நான் அப்பவே சொன்னேன்ல!"

பிள்ளை நடக்கிறான் என்பது கிழவருக்கு உறைக்கவே இல்லை. அப்போது அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் நிற்கிற இடத்துக் குரல், வீட்டுக்குள் ஒருநாளும் கேட்டறியாத குரல்.

"லவாலி! ஓடுடா! விடாத, ஓடிவா!"

மாமனார் முன்னால், தெரு முழுக்கக் கேட்க, மகன் பெயரைச் சொல்லிவிட்டாள். சொன்னவள் வாயைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. அவன் தள்ளாடிக்கொண்டே போய் அவள் மேல் மோதினான். அள்ளித் தூக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மாமனார் அவளைப் பார்த்தார், பிள்ளையின் கால்களைப் பார்த்தார். பிறகு உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா, சப்புனு திங்கிறான் பாரு. தொட்டுக் குடு."