வெல்டா பாஸ் போட்ட வீடு

"பத்தொன்பது வருஷத்துல மூவாயிரத்துச் சொச்சம் வீடு பாத்திருக்கேன். அழுக்கா இருந்த ஒரு வீட்டுக்குக்கூட நான் பாஸ் போட்டதில்ல. என் சொந்த வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

வெல்டா ஹாஸ்கின்ஸ் அம்மையார் தமது எழுபத்தாறாவது பிறந்தநாளன்று, கேக் வைத்திருந்த தட்டின் அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இப்படி அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கேக் வாங்கி வந்திருந்த மகள் ரோஷல் மட்டும் தட்டவில்லை. 'என் சொந்த வீட்டையும்' என்ற இடத்தில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது போய்ப் பதினொரு வயது வந்துவிடும். பிறகு திரும்பி வர ஒரு மணி நேரமாகும்.

அம்மையார் வகித்த பதவியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நெவாடா பாலைவனத்தின் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் புதரைத் தவிர வேறு எதிரியே இல்லாத ஹாலிடன் ராணுவத் தளத்தில், அவர் வீடு காலி செய்யும் பரிசோதகர். சிப்பாயோ கர்னலோ, மாற்றல் உத்தரவு வந்தால் அரசாங்கம் கொடுத்த வீட்டைக் கழுவித் துடைத்து ஒப்படைக்க வேண்டும். குறித்த நாளில் வெள்ளைப் பருத்திக் கையுறையும் அட்டைப் பலகையுமாக வெல்டா வருவார். கையுறை வெள்ளையாகவே வெளியே வந்தால் பாஸ். இல்லையென்றால் மறுநாள் மறுபடியும்.

கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பு, ஓவன் திருகுகளின் அடிப்பக்கம், இழுப்பு ஜன்னல் ஓடும் பள்ளத்தின் மூலை, கழிப்பறைக் கோப்பையை இறுக்கியிருக்கும் இரண்டு போல்ட்டுகள் என்று, மனிதர்கள் இருப்பதையே மறந்துபோன இடங்களை எல்லாம் அவர் விரல் ஞாபகம் வைத்திருந்தது. அந்த விரலுக்குப் பயந்து தளமே ஒரு தனி வாழ்க்கை வாழ்ந்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குடும்பங்கள் வாசலில் உட்கார்ந்து காகிதத் தட்டில் சாப்பிடும். கழுவிய தரை கலையக் கூடாது என்று தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தூங்கும். ஒரு மேஜர் வந்த நாள் முதல் போன நாள் வரை ஓவனையே பற்றவைக்கவில்லை. மூன்று வருஷம், மூன்று கிறிஸ்துமஸ், வாட்டாத ரொட்டிக்குள் குளிர்ந்த மாமிசம். அவருக்கும் அம்மையார் ஃபெயில் போட்டார். ஓவனுக்குள் தூசி இருந்ததாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இவரைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவு கட்டுபவர்கள் அவசரப்படுகிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, கணவன் வேறு கண்டத்தில் இருக்க, சமையலறையில் நின்று அழுதபோது வெல்டா முதலில் 'ஃபெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பிறகு கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார், சட்டைக் கையை மடித்தார், அவளை நாற்காலியில் உட்காரவைத்தார், சாயங்காலம் வரை அந்த ஓவனைத் தாமே தேய்த்தார். மறுநாள் காலை வந்து, முன்பின் அறியாதவர் போலப் பரிசோதித்துப் பாஸ் போட்டார். கர்னலின் மனைவி கண்ணைக் கசக்கியபோதும் அதே கையுறைதான். ஒரு மில்லிமீட்டர் சலுகை இல்லை. அந்தத் தளத்தில் பதவியைப் பார்க்காத ஒரே பொருள் அந்தக் கையுறை என்று சிப்பாய்கள் பெருமையாகச் சொல்வார்கள், கொஞ்சம் தள்ளி நின்று.

1993இல் அரசாங்கம் தளத்தையே மூடியது. மற்ற எல்லா வீட்டுக்கும் பாஸ் போட்டு முடித்தபின் மிச்சமிருந்தது, தீயணைப்புப் படையில் இருந்த லாய்டுக்கு ஒதுக்கிய ஜூனிப்பர் தெரு இருபத்தேழாம் எண். அதாவது லாய்டின் மனைவியான வெல்டாவின் வீடு. பரிசோதிக்க வேறு ஆள் இல்லை. ஆகஸ்ட் 14ஆம் தேதி அம்மையார் தம் வீட்டு வாசலில் நின்று, தாமே கதவைத் தட்டி, தாமே திறந்து, உள்ளே போனார். ஓவனின் பின்தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. ஃபெயில்.

அன்று மாலை நீச்சல் குளத்தில் தளத்துப் பிள்ளைகளின் கடைசிக் கூட்டம். மறுநாள் ஆளுக்கொரு திசை. பதினொரு வயது ரோஷல் போகவில்லை. ஓவனுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை உயிர்த்தோழி மிஸ்டியின் கார் தெருவைத் தாண்டியபோது ஜன்னல் வழியே ஆடிய ஒரு கை தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் கையையும் பார்க்கவில்லை. அரை மணி கழித்து வீடு பாஸ் ஆனது. தேதி ஆகஸ்ட் 15.

இப்போது அந்தத் தாயும் மகளும் அரிசோனாவிலிருந்து ஓரிகனுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். லாய்ட் இறந்து ஆறு வருஷம். வெல்டாவின் இடுப்பு எலும்பு ஒருமுறை முறிந்து சேர்ந்தாயிற்று. இனித் தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் ரோஷல் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். வெல்டாவுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

சொல்லப்படாதது காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம், அதன் வழவழப்பான விளம்பரத் தாள். ஓர் அறையை நிறுத்திவைத்திருந்தார்கள். வேண்டுமா வேண்டாமா என்று இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். ரோஷலின் வீட்டில் வாஃபிள் என்ற நாய் இருந்தது. நாயின் முடி எல்லா இடத்திலும் இருந்தது. ரோஷல் அதைக் கொஞ்சம் பெருமையாகவே விட்டு வைத்திருந்தாள். 'என் கதவு மேல அம்மா ஒரு தடவை விரல் வச்சா, ஒரு வாரம் தாங்க மாட்டேன்' என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அம்மாவின் விரலையே கவனித்து வந்தாள். அது ஹோட்டல் விளக்கு, ஹோட்டல் ஜன்னல், பெட்ரோல் பங்க் காபி மெஷின் மூன்றையும் ஃபெயில் ஆக்கியிருந்தது.

"அடுத்த கைகாட்டியில வலது பக்கம் திரும்பு," என்றார் வெல்டா.

"அங்க என்ன இருக்கு? தளம்தானே? மூடிக் கிடக்கும்மா."

"மூடினது யாருன்னு எனக்குத் தெரியாதா? திரும்பு."

வாயிலில் காவல் அறையிலிருந்து தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்தார். தளத்தை மாவட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்டு, பகலில் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருந்தது. கிழவர் பெயர் டெல்பர்ட் கூன்ட்ஸ். பெயர் எழுதும் நோட்டை நீட்டினார், எழுதியதைப் படித்தார், இரண்டடி பின்னால் போனார்.

"வெல்டா ஹாஸ்கின்ஸா? மேடம், நீங்க இன்னும் இருக்கீங்களா!"

"நீ யாரு?"

"கார்ப்பொரல் கூன்ட்ஸ். எண்பத்தெட்டாம் வருஷம் மூணு தடவ எனக்கு ஃபெயில் போட்டீங்க."

வெல்டா ஒரு கணம் யோசித்தார். "விளக்குக் கூட்டுக்குள்ள செத்த அந்துப்பூச்சி."

"ஒண்ணே ஒண்ணு மேடம்! அதுவும் சின்னது!"

"மூணு தடவயும் அதே பூச்சி."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி ரோஷலைப் பார்த்தார். "இவங்க கூடவாம்மா வளர்ந்தே? உனக்கு மெடல் குடுத்தாங்களா?"

"இன்னும் வரல," என்றாள் ரோஷல்.

"கையுறை கொண்டாந்திருக்கீங்களா மேடம்?"

அம்மையார் கைப்பையைத் திறந்து காட்டினார். இருந்தது. டெல்பர்ட் கம்பிக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

கார் மெதுவாக உருண்டது. அணிவகுப்பு மைதானத்தில் இப்போது புதர்கள் வரிசை கலைந்து நின்றன. சினிமாக் கொட்டகைப் பலகையில் மூன்று எழுத்துகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நீச்சல் குளத்துக்குள் காற்று உருட்டி வந்த முள்பந்துகள் விளிம்புவரை குவிந்திருந்தன. அங்கே ரோஷல் வேகத்தைக் கூட்டினாள். வெல்டா எதிர்ப்பக்க ஜன்னல் வழியே, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு சுவரை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்.

இருபத்தேழாம் எண்ணுக்குக் கூரை பாதிதான் இருந்தது. வெல்டா கைத்தடியை ஊன்றி இறங்கி, கையுறையை மாட்டினார்.

"எழுதிக்கோ."

"என்னத்த எழுத? பேப்பர் இல்லம்மா."

"வண்டிப் பெட்டியில வழவழன்னு ஒரு தாள் இருக்கே. பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."

ரோஷல் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பப் பாத்தே?"

"நேத்துக் காலையில. பெட்டிக்குள்ள தூசி இருக்கான்னு பாத்தேன்." வெல்டா முன்வாசலை நோக்கி நடந்தார். "இருந்துச்சு. வா."

ரோஷல் தாளை எடுத்து வந்தாள்.

"கூரை: பாதி காணோம். எழுது. ஜன்னல் கண்ணாடி: முழுசும் காணோம். தரை: மணல், ஆட்டுப் புழுக்கை, ஒரு பியர் டப்பா. பியர் டப்பாவத் தனி வரியில எழுது."

"அம்மா, போதும்..."

"ஓவன்." அது அங்கேயே இருந்தது, கதவு தொங்கியபடி. இருவரும் அதைப் பார்த்தார்கள். வெல்டா குனியவில்லை. "ஓவன விடு," என்றார்.

ரோஷல் தலை நிமிர்ந்தாள். ஓவனை விடு என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

கடைசியாக, சமையலறைக் கதவுச் சட்டம். வழக்கம்போல வெல்டா குதிகாலை உயர்த்திக் கையை மேல்விளிம்புக்குக் கொண்டுபோனார். விரல் பாதி வழியில் நின்றது. சட்டத்தின் மேல் மண்ணால் ஒட்டிய ஒரு தகைவிலான் குருவிக் கூடு. ஆள் அரவத்தை அம்மா என்று நினைத்து நான்கு மஞ்சள் அலகுகள் ஒரே சமயத்தில் திறந்தன. கூட்டுக்குக் கீழே சுவர் முழுக்க வெள்ளை எச்சம், தரைவரை.

"கதவுச் சட்டம்?" என்று கேட்டாள் ரோஷல். குரலில் கொஞ்சம் பழிவாங்கல் இருந்தது.

வெல்டா கையை இறக்கினார். "குடியிருக்காங்க."

"அதுக்கு?"

"காலி பண்ற வீட்டுக்குத்தான் இன்ஸ்பெக்ஷன். குடியிருக்கிற வீட்டுல விரல் வைக்கக் கூடாது. அது விதி. மூணாவது பக்கம்."

"என் வீட்டுலயும் குடியிருக்கோம்மா. நானும் நாயும்."

"தெரியும்."

"நேத்து அந்த ஹோட்டல்ல..."

"நேத்து மூணாவது பக்கம் ஞாபகத்துக்கு வரல."

ரோஷலுக்குச் சிரிப்பும் வேறொன்றும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கினாள். "அப்ப முடிவுன்னு என்ன எழுத?"

வெல்டா கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். தாளையும் பேனாவையும் வாங்கி, உடைந்த ஜன்னல் விளிம்பில் வைத்து, மகளுக்கு முதுகைக் காட்டியபடி எழுதினார். நேரம் பிடித்தது. நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தாள் எனக்கு வேணுமேம்மா. முன்பக்கம் ஃபோன் நம்பர் இருக்கு."

"வேணுமா?" என்றார் வெல்டா, திரும்பாமல்.

தகைவிலான் ஒன்று கூரை ஓட்டை வழியே வந்து அவர்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. ரோஷல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்," என்றாள்.

வாயிலில் டெல்பர்ட் காத்திருந்தார். "என்ன மேடம், எத்தன வீட்டுக்கு ஃபெயில்?"

"அசல் ஆபீசுல இருக்கணும். வச்சுக்கோ," என்று வெல்டா தாளை ஜன்னல் வழியாக நீட்டினார்.

டெல்பர்ட் கண்ணாடியை மாட்டிப் பிரித்துப் பார்த்தார். கூரை காணோம், கண்ணாடி காணோம், பியர் டப்பா எல்லாம் முறையாகப் படித்து வந்தவர் கடைசி வரியில் தடுக்கி நின்றார். குனிந்து மறுபடி படித்தார்.

"மேடம், இதுல பாஸ்னு போட்டிருக்கே. தேதி வேற ஆகஸ்ட் பதினாலு, தொண்ணூத்து மூணுன்னு..."

ரோஷல் பின்னால் திரும்பி நீச்சல் குளம் இருந்த பக்கம் பார்த்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றார் வெல்டா. "வண்டிய எடு, ரோஷல். நாய்க்குப் பசிக்கும்."